ஏழு வருஷம் சண்டை போட்டவருக்கு ஒரு காணி நிலம் இல்ல

கேள்வி: அமெரிக்க சுதந்திரப் போர்ல வாஷிங்டன் கூட நின்ன சாதாரண சிப்பாய்ங்களுக்கு, போர் முடிஞ்சப்புறம் அரசாங்கம் நிலம் நீச்சு குடுத்து நல்லா வச்சுக்கிச்சா சார்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: இல்லம்மா. ஆளுக்கு 100 ஏக்கர் தர்றோம்னு 1776லயே காங்கிரஸ் (அமெரிக்காவோட நாடாளுமன்றம்) வாக்கு குடுத்துச்சு, ஆனா நிறைய பேர் கைக்கு அது வரவே இல்ல. ஜோசப் பிளம்ப் மார்ட்டின்னு ஒரு சாதாரண சிப்பாயோட கதைய சொல்றேன், படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல.

1760ல மாசசூசெட்ஸ்ல பொறந்தவர். பட்டாளத்துல சேர்றப்ப வயசு 15 தான், நடுவுல சில மாசம் போக 1783 வரைக்கும் இருந்தார், பிரிட்டிஷ் படை சரணடைஞ்ச யார்க்டவுன் முற்றுகையில ராத்திரியோட ராத்திரியா பதுங்குகுழி வெட்டின ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர். அந்த ஏழு வருஷமும் எதிரிய விட பசிதான் பெரிய எதிரி. 1777 டிசம்பர்ல நாடே நன்றி சொல்லி விருந்து சாப்பிடணும்னு காங்கிரஸ் அறிவிக்குது, ரெண்டு மூணு நாளா பட்டினி கிடந்த இவங்களுக்கு அன்னிக்கு கிடைச்சது ஒரு கைப்பிடி அரிசி, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர்!

போர் முடிஞ்சதும் சம்பளத்துக்கு பதிலா கையில பேப்பர் பத்திரத்த குடுத்து வீட்டுக்கு போங்கன்னுட்டாங்க, போட்டுக்க நல்ல துணி கூட இல்லாம பல பேர் அத வந்த விலைக்கு வித்துட்டு ஊர் போய் சேர்ந்தாங்க.

மார்ட்டின் வடகிழக்குல இருக்கற மெய்ன் பக்கம் போய், பெனாப்ஸ்காட் ஆறு கடல்ல சேர்ற இடத்துக்கிட்ட காட்டைத் திருத்தி குடியேறினார் (அது அந்த ஆத்தோட பேர் கொண்ட பூர்வகுடி மக்களோட மண்ணு, அதையும் மறக்கக்கூடாது). அப்புறம்தான் கொடுமை. அந்த வட்டாரத்துல லட்சக்கணக்கான ஏக்கர் என் பொண்டாட்டி வழி சொத்துன்னு வந்து நின்னது யாருன்னா ஹென்றி நாக்ஸ், அதே போர்ல பீரங்கிப் படைக்கு தலைமை தாங்கின ஜெனரல், நாட்டோட முதல் போர் அமைச்சர்! 1797ல மார்ட்டின் குடியேறியிருந்த 100 ஏக்கருக்கு நாக்ஸுக்கு 170 டாலர் கட்டணும்னு ஆச்சு. அவரால முடியல. 1801ல நிலத்த எனக்கே விட்டுடுங்கன்னு நாக்ஸ்கிட்ட கெஞ்சியிருக்கார், 1811ல பாதி நிலம் போச்சு, 1818ல ஒரு ஏக்கர் கூட மிச்சமில்ல.

அந்த வருஷம்தான் ஏழை வீரர்களுக்கு பென்ஷன் சட்டம் வந்துச்சு. அதுக்காக அவர் காட்டின சொத்துக் கணக்கு: ரெண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்னி. கிடைச்சது வருஷத்துக்கு 96 டாலர். இத்தனைக்கும் இருபது வருஷத்துக்கு மேல ஊர் கிளார்க்கா வேலை பாத்த மனுஷன்.

1830ல பேர் போடாம தன் அனுபவத்த புத்தகமா போட்டார், அப்ப அவ்வளவா யாரும் வாங்கல, இன்னிக்கு அந்தப் போர எழுதுற எல்லாருமே அதைத்தான் புரட்டுறாங்க. 1850ல 89 வயசுல காலமானார். அந்தப் புத்தகம் இப்ப இணையத்துல இலவசமாவே கிடைக்குதும்மா, ஜெனரல்களோட வரலாற படிக்கிறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க.