நர்சிங் முடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அமெரிக்காவில் டிராவல் நர்ஸாகப் போக நான் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிராவல் நர்ஸ் என்றால், ஏஜென்சி மூலம் ஆள் குறைந்த ஆஸ்பத்திரிகளில் சில வார ஒப்பந்தத்தில் வேலை பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் நர்ஸ். கேள்வி கேட்ட தங்கச்சி திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் வேலை பார்க்கிறார். அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு பாஸாகிவிட்டது. ஏஜென்சிக்காரர் ஒருவர், 13 வாரத்துக்கு ஒரு ஊர், கை நிறையச் சம்பளம் என்று தினமும் போன் போடுகிறாராம். நான் பாளையங்கோட்டையில் ஐசியு இன்சார்ஜ். என் அக்கா மகள் டெக்ஸாஸில் டிராவல் நர்ஸ். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் விசா. இங்கிருந்து போகும் நர்ஸ்கள் பெரும்பாலும் இபி-3 கிரீன் கார்டில்தான் (வேலை தருபவர் ஸ்பான்சர் செய்து கிடைக்கும், அங்கேயே நிரந்தரமாக இருக்கும் அனுமதி) போகிறார்கள். ஸ்பான்சர் செய்தவர்களிடமே இரண்டு மூன்று வருடம் வேலை பார்ப்பதாகக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். எனவே போய் இறங்கியதுமே ஊர் ஊராகச் சுற்றலாம் என்று யாராவது சொன்னால், ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அனுபவம் எவ்வளவு கேட்பார்கள்? அதே பிரிவில் ஒன்று அல்லது இரண்டு வருடம் கேட்பது வழக்கம். என்னைக் கேட்டால் அது நுழைவுச் சீட்டு மட்டும்தான். படித்து முடித்து வரும் புது நர்ஸுக்கு அங்கே மாதக்கணக்கில் பக்கத்திலேயே ஓர் ஆளை வைத்துப் பழக்குகிறார்கள். டிராவல் நர்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓரிரு ஷிஃப்ட் கம்ப்யூட்டரையும் மருந்து அலமாரியையும் காட்டுவார்கள், அடுத்த ஷிஃப்டில் நோயாளிகள் உங்கள் பொறுப்பு. ஒரு வார்டில் ஆள் குறைந்தால் முதலில் அங்கே அனுப்பப்படுவதும் பல இடங்களில் டிராவல் நர்ஸ்தான்.

அதனால் வருடத்தை எண்ணாமல், உங்கள் ஆஸ்பத்திரியிலேயே பழக்கமில்லாத வார்டுக்கு அனுப்பும்போது என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். நைட் சூப்பர்வைசர் போன் பண்ணி, "மெடிக்கல் வார்டுல ஆள் இல்ல, கொஞ்சம் போம்மா" என்றதும் வயிற்றைக் கலக்குகிறதா? கலக்கினால் தப்பில்லை. போன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

எங்களிடம் ஒரு பெண் இருந்தாள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்படி அனுப்பிய ஒரு ராத்திரி, போனதும் முதல் வேலையாக எமர்ஜென்சி டிராலி எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொரு டிராயராகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ரவுண்ட்ஸ் போனாள். அன்றைக்கு ஓர் அரளி விதை கேஸ். நம் பக்கத்தில் இது அடிக்கடி வரும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், ஆனால் இதயம் எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது. இவள் மானிட்டரை மட்டும் நம்பாமல் மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினாள். டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டு, "சார், அரளி விதை கேஸ். பத்து மணிக்குப் பல்ஸ் 78, இப்போ 48, விட்டுவிட்டு வருது. பிபி 90/60. ஈசிஜி எடுத்துட்டேன், அட்ரோபின் கையில இருக்கு, வாங்க சார்" என்றாள். அட்ரோபின் என்பது இறங்கும் இதயத் துடிப்பைக் கூட்டும் மருந்து. அவ்வளவுதான். டாக்டர் திருப்பி ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொருத்தி ஐசியுவில் இவளைவிட மூத்தவள். வென்டிலேட்டர், இன்ஃபியூஷன் பம்ப் எல்லாம் அத்துபடி. வேறு வார்டுக்கு அனுப்பினால் மட்டும் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களாம். என்னைக் கேட்டால் இவளை இப்போதைக்கு அனுப்ப மாட்டேன்.

இன்னொரு சங்கதியையும் யோசித்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் 2004 முதல் சட்டமே இருக்கிறது: ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகள்தான், சாதாரண வார்டில் 2005 முதல் ஐந்துக்கு மேல் கூடாது. நம் வார்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது சொர்க்கம் மாதிரித் தோன்றும். ஆனால் இங்கே கஞ்சி கொடுக்க, புரட்டிப் படுக்க வைக்க, பாத்ரூம் கூட்டிப் போகக் கூடவே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அங்கே அதெல்லாம் நர்ஸும் உதவியாளர்களும் பார்க்க வேண்டிய வேலை. ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரல் சத்தம் கேட்பதும், தலை முதல் கால் வரை பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் நீங்களே. எனவே இப்போதே ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிடுவதோடு நிறுத்தாமல் காதில் மாட்டிப் பழகுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருமுன் உங்கள் நோயாளிக்கு என்ன இருக்கிறது என்று நீங்களாக ஒரு முடிவுக்கு வந்து, அவர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு என் கணக்கு இதுதான். ஐசியுவில் இரண்டு வருடத்தை முடியுங்கள். கடைசி ஆறு மாதம் நீங்களாகவே இன்சார்ஜிடம் சொல்லி மாற்று வார்டுகளுக்குப் போங்கள், இதயம் நின்றால் உயிர் காக்கும் முதலுதவிப் பயிற்சியான பிஎல்எஸ், அதன் மேல்நிலைப் பயிற்சியான ஏசிஎல்எஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அமெரிக்கா போனதும் ஒரே ஆஸ்பத்திரியில் ஸ்பான்சருக்குரிய காலத்தை ஓட்டுங்கள். அதன் பிறகு முதல் 13 வாரத்தை எடுக்கும்போது, பழகிய பிரிவு, தெரிந்தவர்கள் யாராவது இருக்கும் ஊர் என்று பார்த்து எடுங்கள். கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்தெந்த வார்டுக்கு அனுப்பலாம், வாரத்துக்கு எத்தனை மணி நேரச் சம்பளம் உறுதி, பாதியில் ரத்து செய்தால் வாடகைக்கு யார் பொறுப்பு. அக்கா மகள் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் பெட்டி கட்டுவதே இல்லை.