தடுப்பூசியை ஏன் ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறார்கள்? குளிர்ச் சங்கிலி என்றால் என்ன?

மருந்து தயாராகும் இடத்திலிருந்து குழந்தையின் தொடை வரை பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வந்து சேர வேண்டும். அந்த ஏற்பாடுதான் குளிர்ச் சங்கிலி.

சூடு பட்டால் வீரியம் போய்விடும், இது பலருக்கும் தெரியும். ஆனால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்கு உறைவதும் எமன். தயிரை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள்: தண்ணீர் தனி, கட்டி தனி. எவ்வளவு கலக்கினாலும் பழைய தயிர் வராது. அதே கதைதான்.

அதனால், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போகும் மருந்தானாலும், ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பெட்டியில் போடக் கூடாது. சற்று வெளியே வைத்து, காதருகே ஆட்டி, உள்ளே 'களக்' என்று தண்ணீர் சத்தம் கேட்ட பிறகே நர்ஸ் அடுக்குவார்.

குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வெளிறியிருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் கூடாது. (இது சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.)

“ஏற்காடே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே, பெட்டி எதற்கு?” என்பார்கள், நமக்குத்தான் அது குளிர், பகலில் அங்கேயும் 8 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.