வாசகர் கேள்வி: மோனே வெட்டவெளிக்கு வந்த வழி

கேள்வி: இயற்கைக் காட்சிகளை இதுவரை புகைப்படத்தைப் பார்த்தே வரைந்து வருகிறேன். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே வெட்டவெளியில் நின்றே வரைந்தவர் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அவருக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது? (ஓவிய மாணவி, கும்பகோணம்)

பதில்: இளம் வயதில் மோனேவுக்கு மரம், கடல், வானம் எதையும் வரையும் எண்ணம் இருக்கவில்லை. 1840-இல் பாரிஸில் பிறந்து லு ஆவ்ர் துறைமுக நகரில் வளர்ந்த அவர், ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து விற்றுக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் வைக்கப்பட்டிருந்த சட்டம் போடும் கடையிலேயே யூஜின் பூதான் என்பவரின் கடற்காட்சிகளும் இருந்தன. மோனேவுக்கு அவை பிடிக்கவில்லை. பூதானின் கண்ணில் படாமல் ஒதுங்கியே இருந்தார். மாலுமியின் மகனான பூதானோ, இந்தப் பையனின் கைத்திறன் வீணாகக் கூடாது என்று விடாமல் அழைத்து, 1858 கோடையில் ருவெல் என்ற சிற்றூர்ப் பக்கம் தம்மோடு கூட்டிச் சென்றார். அங்கே அவர் வரைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் தம் கண்ணை மூடியிருந்த திரை விலகியது என்றும், தாம் ஓவியர் ஆனதற்குப் பூதானே காரணம் என்றும் மோனே முதுமையிலும் நன்றியோடு சொல்லி வந்தார்.

பூதானின் ஒரு வழக்கத்தை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவர் வானத்தையும் மேகத்தையும் வண்ணக்கட்டிகளால் விரைவாகத் தீட்டி, ஓரத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்து வைப்பார். கவிஞர் போதலேர் 1859-இல் இந்தக் குறிப்புகளை வியந்து எழுதியிருக்கிறார்.

வெளியில் வரைவதற்குக் கருவியும் கைகொடுத்தது. முன்பெல்லாம் எண்ணெயில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்து, ஊசியால் குத்திப் பிதுக்கி எடுப்பார்கள். ஒருமுறை குத்திவிட்டால் அதைச் சரியாக மூட முடியாது. 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வெள்ளீய டியூபுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, பல வண்ணங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வயலுக்கோ கடற்கரைக்கோ போவது எளிதாயிற்று.

பிறகு பாரிஸில் கிளேர் என்ற ஓவியரின் கூடத்தில் பயின்றபோது ரெனுவார், சிஸ்லே, பசீல் ஆகியோர் நண்பர்களாயினர்; அவர்களோடு ஃபோன்டேன்புளோ காட்டுப் பக்கம் சென்று வரைந்தார். அவருக்கு முந்திய, காட்டோரச் சிற்றூரான பார்பிசோனின் பெயரால் அழைக்கப்பட்ட ஓவியர்களும் அந்தக் காட்டில் வரைந்தவர்களே என்றாலும், பெரும்பாலும் சிறிய முன்வரைவுகளை அங்கே செய்துகொண்டு பெரிய படத்தை உள்ளே வந்து முடித்தார்கள். மோனே பெரிய படத்தையே வெளியில் வரைய விரும்பினார். 1866-இல் ‘தோட்டத்தில் பெண்கள்’ என்ற படத்துக்காக இரண்டரை மீட்டருக்கும் உயரமான கான்வாஸை நிறுத்தி, அதன் மேற்பகுதியை எட்டுவதற்காக மண்ணில் பள்ளம் வெட்டிக் கப்பி வைத்துக் கான்வாஸை அதற்குள் இறக்கினார். அவர் ஏணியில் ஏறியிருந்தால் பார்வையின் உயரம் மாறியிருக்கும் என்பதைக் கருதும்போது, அந்தப் பள்ளம் எவ்வளவு பொறுப்பான ஏற்பாடு என்பது விளங்கும். அவ்வளவு பாடுபட்ட படத்தை 1867-இல் அரசுக் கண்காட்சியின் தேர்வுக்குழு நிராகரித்தது. பசீல்தான் அதைத் தவணையில் விலை கொடுத்து வாங்கி நண்பரைத் தாங்கினார்.

கேள்வி: நான் வெளியே உட்கார்ந்து பாதி வரைவதற்குள் வெயில் நகர்ந்து நிழல் எல்லாம் மாறிவிடுகிறது. அவர் என்ன செய்தார்? (அதே வாசகர்)

பதில்: வெயிலைத் துரத்துவதை விட்டுவிட்டு, கான்வாஸை மாற்றினார். 1890-இல் ஜிவெர்னியில் தம் வீட்டருகே இருந்த கதிர்ப்போர்களை வரையத் தொடங்கியபோது, ஒளி மாற மாற, வளர்ப்பு மகள் பிளான்ஷை வேறொரு கான்வாஸ் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் அதற்குரிய ஒளி நிற்கும் வரை மட்டும் வேலை செய்தார். அந்த வரிசைப் படங்கள் 1891-இல் பாரிஸில் காட்சிக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. நீங்களும் இரண்டு மூன்று சிறிய அட்டைகளைக் கொண்டு சென்று, காலைக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று என்று பிரித்து, மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போய்த் தொடருங்கள்.

வெளியில் வேறு தொல்லைகளும் உண்டு. 1870-இல் துருவில் என்ற கடலோர ஊரில் அவர் வரைந்த ‘துருவில் கடற்கரை’ லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. காற்று வாரி இறைத்த மணலும் கிளிஞ்சல் துணுக்குகளும் அதன் வண்ணத்தோடு ஒட்டிக் காய்ந்திருப்பதை இன்றும் காணலாம். 1885-இல் எத்ரெதா பாறையடியில், அலை ஏறும் நேரத்தைத் தவறாகக் கணித்து வரைந்துகொண்டிருந்தவரைப் பேரலை ஒன்று பாறையில் மோதி இழுத்துச் சென்றது. கையில் இருந்த வண்ணத்தட்டு முகத்தில் கவிழ்ந்து, தாடியெல்லாம் நீலமும் மஞ்சளும் அப்பியது என்று, பின்னாளில் தம் மனைவியான ஆலிஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார். படமும் கருவிகளும் கடலோடு போயின.

கேள்வி: அப்படியானால் எல்லாப் படங்களையும் அவர் வெளியிலேயே முடித்தாரா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. 1899 முதல் 1901 வரை லண்டனில் தேம்ஸ் நதியைப் பார்த்துத் தொடங்கிய படங்களை ஜிவெர்னிக்குக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்தி 1904-இல்தான் காட்சிக்கு வைத்தார். அந்தத் தேம்ஸ் படங்களில் பலவும் ஹோட்டல் அறையின் மாடத்திலிருந்து பார்த்து வரையப்பட்டவை. இதனால் அவருடைய நேர்மை குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. நேரில் நின்று கண்ட ஒளிதான் திருத்தும்போதும் அவருக்கு அளவுகோலாக இருந்தது; எனவே மாணவர்கள் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் வந்து படத்தை முடிக்க நேர்ந்தால் அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை.