ஆச்சி பதில்கள்: மூக்கில் ஒரு வளையம்

கேள்வி: ஆச்சி, நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். நாலு மாதத்துக்கு முன்பு இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் குத்தி, வளையம் போட்டேன். போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். வளவில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், "என்னடி மூக்கணாங்கயிறு, சிராவயல் மஞ்சுவிரட்டுக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பத்தா மட்டும் சிரிக்கவில்லை, அதற்கப்புறம் என்னோடு பேசவும் இல்லை. அடுத்த மாதம் அக்கா கல்யாணம். கழற்றிவிடவா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்தப் பெரியம்மா சொன்னதைப் படித்து நானும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் நீ குத்தியிருக்கிற அதே இடத்தில் தொங்குவதுதான் புல்லாக்கு. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் குத்தாமலேயே செருகிக்கொள்வார்களே, அது. அம்மன் அலங்காரத்திலும் பார்த்திருப்பாய். நீ காரைக்குடிக்காரி வேறு. உங்கள் ஊர் அம்மன் கொப்புடைநாயகி. கொப்பு என்றால் காதணி. நகையின் பேரைச் சொல்லி அம்மனைக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள்தான் உன் மூக்கைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

என் அப்பத்தாவுக்குத் தோளைத் தொடுகிற காது. சின்ன வயதில் குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு ஈயக் குணுக்கை மாட்டி இழுத்து இழுத்து வளர்த்த காது. அதில் தண்டட்டி ஆடும். தேவகோட்டைச் சந்தையில் அது யாருக்கும் வேடிக்கை இல்லை. சித்தப்பாவுக்கு மெட்ராசில் வேலை கிடைத்ததும்தான் வினை. "அங்கே வந்தால் சிரிப்பார்கள், ஆத்தா" என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தொங்கிய சதையை அறுத்துத் தைத்துக் கொண்டுவந்தார். தண்டட்டியை அழித்து அத்தைக்குச் சங்கிலி செய்தார்கள். தைத்த இடம் புளியங்கொட்டை மாதிரி தடித்துப்போனது. பேச்சுக்கு நடுவில் அப்பத்தா அதைத் தடவிக்கொண்டே இருப்பார். மெட்ராசில் அவர் இருந்தது மொத்தம் பதினோரு நாள்.

அதனால் பெரியம்மாவுக்காகக் கழற்றாதே. அப்பத்தா விஷயம் வேறு. வளையத்தைவிட, அவரிடம் சொல்லாமல் குத்திக்கொண்டதுதான் அவருக்கு உறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி, ஆசாரி, மொட்டை, விருந்து. நீ தனியாக ஒரு கடையில் போய் உட்கார்ந்து குத்திக்கொண்டு வந்திருக்கிறாய். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே ஊருக்கு வா. அவருக்கு எந்த மாமன் மடியில், எந்தக் கோயிலில் குத்தினார்கள் என்று கேள். அவர் பேசாமல் இருக்கமாட்டார்.

தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் சமாதானம் வேண்டுமானால் குதிரை லாடம் மாதிரி திறந்த வளையம் கிடைக்கிறது. அதை மேலே திருப்பி மூக்குக்குள் ஒளித்துவிடலாம். நாலு மாதம் ஆகிவிட்டது, வலி இல்லாமல் ஆறியிருந்தால் சரி.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் இரண்டு காதிலும் கம்மல் போட்டுவிட்டான். "ஆம்பளைப் பிள்ளைக்கு இதென்ன கோலம்" என்று அவன் அப்பா வீட்டில் சோறு சாப்பிடுவதில்லை.
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: உங்கள் வீட்டு முகப்பில் தொங்குகிற பழைய படங்களைத் துடைக்கிற சாக்கில் கணவரைக் கூப்பிடுங்கள். கொண்டுவிற்கப் பர்மா, மலேயா என்று கப்பலேறிப் போன ஐயாக்கள் காதில் மின்னுவது என்ன? கடுக்கன்தானே. அப்புறம் சோற்றை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் போய்ப் படுங்கள். பசித்தால் சாப்பிடுவார்.

கேள்வி: மேல்காதில் குத்தி இரண்டு வாரம் ஆகிறது. சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. மஞ்சள் பற்றுப் போடலாமா?
– வாசகி, திருப்பத்தூர்

பதில்: வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கீழ்க்காது சதை, ஆறேழு வாரத்தில் ஆறும். மேல்காது குருத்தெலும்பு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, முழுசாக ஆற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆகும். அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே சுருங்கிவிடும். துப்பாக்கி மாதிரிக் கருவியால் குத்தினார்களா, ஊசியாலா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வளையத்தை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே நின்றுவிடும்.