பனிக்கால டயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறோம். போன வருடம்தான் காருக்குப் புதிய ஆல் சீசன் டயர் போட்டோம். பனி கொட்டினால் உடனேயே வீதிக்கு உப்புப் போட்டு வழித்துவிடுகிறார்கள். பிறகு எதற்கு விண்டர் டயர்?

பதில்: வழித்த வீதியிலும் அது தேவை. ஆல் சீசன் டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் வீதியின் சொரசொரப்பில் பதியாது. பனியே இல்லாத மைனஸ் 10 பாகைக் காலையிலும் பிரேக் பிடித்தால் கார் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. அதன் வெளிப்பரப்பில் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டைகளை விரல் நகத்தால் விரித்துப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் நெளிநெளியாகப் பல மெல்லிய கீறல்கள் இருக்கும். கார் ஓடும்போது அவை விரிந்து, விளிம்புகளால் பனியைப் பற்றும். சாதாரண உப்போ மைனஸ் 10க்குக் கீழே மந்தமாகத்தான் கரைக்கும். உப்பை நம்பி டயரைத் தள்ளிப்போடாதீர்கள்.

டயரின் பக்கத்தில் உள்ள ‘எம்+எஸ்’ (M+S, சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) எழுத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கட்டைகளின் அமைப்பைப் பார்த்து உற்பத்தியாளரே போட்டுக்கொள்ளும் குறி அது. அதற்குப் பின்னால் பனிச் சோதனை எதுவும் இல்லை. நீங்கள் தேட வேண்டியது, மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம். இறுகிய பனியில் ஓட்டிச் சோதித்து, குறிப்பிட்ட அளவு பிடிமானம் காட்டிய டயருக்கே அது கிடைக்கும்.

கேள்வி: மிசிசாகாவில் கொண்டோ. டயர் வைக்க இடமே இல்லை. ஆல் வெதர் டயர் போதுமா?

பதில்: நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்குப் போதும். ஆல் வெதர் டயரில் மலைச் சின்னம் உண்டு, வருடம் முழுவதும் கழற்றத் தேவையில்லை. ஆனால் அந்தச் சின்னத்துக்கான சோதனை பனியில் நடப்பது, கண்ணாடிபோல் உறைந்த ஐஸில் அல்ல. ஐஸில் நல்ல விண்டர் டயரே முன்னுக்கு நிற்கும். வடக்கே பாரி, சட்பரி பக்கம் வாரந்தோறும் போகிறவர்கள் விண்டர் டயரையே எடுங்கள். கோடையில் டயரை வைத்திருந்து தர பல டயர் கடைகள் கட்டணத்துக்குச் சம்மதிக்கும்.

காப்புறுதியையும் கவனியுங்கள். நான்கு விண்டர் டயர் போட்டவர்களுக்கு 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். நாமாகக் கேட்காவிட்டால் விடுபட்டுப் போகலாம். ஆல் வெதரை ஏற்பார்களா என்பதையும் வாங்க முன்னரே கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: முன் சக்கர இழுவைக் கார். முன்னுக்கு மட்டும் இரண்டு விண்டர் டயர் போட்டால் காசு மிச்சம் அல்லவா?

பதில்: வேண்டாம். இது காசு பார்க்கிற இடமே அல்ல. முன்னால் இரண்டும் வீதியைப் பிடித்துக்கொள்ள, பின்னால் இரண்டும் வழுக்கும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் காலை அக்சிலரேட்டரிலிருந்து எடுத்தாலே பாரம் முன்னுக்குச் சாயும். பின்பக்கம் லேசாகி வெளியே வீசும். கார் அப்படியே சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. நான்கும் ஒரே மாதிரி, ஒரே அளவு, ஒத்த தேய்மானமாக இருக்க வேண்டும். இரண்டு கூடுதலாகத் தேய்ந்திருந்தால் நல்ல இரண்டையும் பின்னால் போடுங்கள், எந்தச் சக்கர இழுவையாக இருந்தாலும்.

கேள்வி: எங்களுடையது ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி. அதற்குமா?

பதில்: அதற்கும்தான். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்தவும் வளைக்கவும் டயர் மட்டுமே. சுலபமாக வேகம் எடுக்கிற வண்டி, நிற்கும்போதும் அப்படியே நிற்கும் என்று நம்ப வைக்கும், ஆபத்து அங்கேதான்.

கேள்வி: மொன்றியலில் உறவினர்கள் இருக்கிறார்கள். நத்தாருக்கு ஒன்ராறியோ காரில் போனால் தண்டம் அடிப்பார்களா?

பதில்: கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். மீறினால் தண்டம் 200 முதல் 300 டொலர். சட்டம் கியூபெக்கில் பதிந்த வாகனங்களுக்கானது. அங்கே வாடகைக்கு எடுக்கும் காருக்கும் பொருந்தும். உங்கள் ஒன்ராறியோ கார் அதற்குள் வராது. ஆனாலும் 401 நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் டிசம்பரில் ஆல் சீசன் டயரோடு போக நாங்கள் சொல்ல மாட்டோம். கியூபெக்குக்குக் குடிபெயர்கிறவர்கள் கவனிக்க: ‘எம்+எஸ்’ மட்டும் உள்ள டயரை 2014 டிசம்பர் முதல் அங்கே விண்டர் டயராக ஏற்பதில்லை. மலைச் சின்னம் வேண்டும்.

கேள்வி: பாவித்த விண்டர் டயர், ரிம்மோடு 400 டொலருக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் அளவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலைப்பகுதியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 205/55ஆர்16 91எச் என்று இருந்தால், 205 அகலம் மில்லிமீற்றரில். 55 பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் சதவீதமாக. 16 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதன் குறி. கடைசி எழுத்து வேகத்துக்கு. விண்டர் டயரில் அந்த எழுத்து ஒரு படி குறைந்தால் பாதகமில்லை, அந்த வேகத்தைத் தாண்டாத வரைக்கும். பாரக் குறி மட்டும் குறையவே கூடாது. மின்சாரக் கார்கள் பாரம் கூடியவை. அவற்றுக்கு இதை இரண்டு தரம் பாருங்கள்.

225/45ஆர்17 போட்டு வந்த பல கார்களுக்கு 205/55ஆர்16 பொருந்தும். வெளி விட்டத்தில் 3 மில்லிமீற்றர்கூட வித்தியாசம் வராது. ஒடுங்கிய டயர் பனியைக் கிழித்துப் போகும், விலையும் குறைவு. ஆனால் பெரிய பிரேக் பூட்டிய மொடல்களில் 16 அங்குல ரிம் பிரேக்கின் பிடிப்பகுதியான கலிப்பரில் முட்டும். வாங்க முன் ஒரு ரிம்மைப் பூட்டிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வயது. டயரின் பக்கத்தில் ‘டொட்’ (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் மட்டும் அந்த முழு வரி இருக்கலாம்; குனிந்து உள்பக்கமும் பாருங்கள். ஆறு வருடம் தாண்டியதை, கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும், வாங்க வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். ரப்பர் இறுகிய பின் அதில் விண்டர் டயர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

பிறகு ஆழம். சட்டம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றரோடு விட்டுவிடும். பனிக்கு 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்தாலே அது முடிந்த டயர். அளவுகோல் இல்லாவிட்டால் 2 டொலர் நாணயத்தைப் பள்ளத்தில் நிறுத்துங்கள். அதன் வெளிப்புற வெள்ளி வளையம் ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றர். அது முழுவதும் மறைந்தால் இன்னும் ஓடலாம். ஒவ்வொரு டயரிலும் உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்தில் பாருங்கள்.

ரிம்மில் பலர் தவறவிடுவது நட்டு. ஹொண்டாவின் சொந்த நட்டுகளின் அடிப்பாகம் உருண்டை; வெளிக் கம்பனி ரிம்களில் அநேகமானவை கூம்பு வடிவ நட்டுக்குத் துளைத்தவை. உருண்டையைக் கூம்பில் இறுக்கினால் விளிம்பு மட்டும் தொடும். ஓட ஓடத் தளரும். வெளி ரிம் வாங்கினால் அதற்குரிய நட்டையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: ரிம்மோடு இருக்கிற டயரை வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இருந்தால். சமதரையில் கார், கை பிரேக் போட்டு, தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள்.

இனி, அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் வேலை. சக்கரம் உட்காரும் ஹப் முகத்திலும் ரிம்மின் உட்புறத்திலும் துரு பொருக்காகப் படிந்திருக்கும். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். விட்டால், அந்தப் பொருக்கு ஓட்டத்தில் நொருங்கி உதிரும். அதன் தடிப்பளவு இடைவெளி விழும். இறுக்கிய நட்டு தளர்ந்துபோகும். துருவுக்காகப் போல்ட் புரியில் எண்ணெயும் பூச வேண்டாம். எண்ணெய் பட்ட புரியில் ரெஞ்ச் அதே அளவைக் காட்டினாலும் போல்ட் அளவுக்கு மிஞ்சி இழுபடும்.

பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அது கார் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். நட்டுகளைக் கையால் புரியேற்றி, நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். டயர் தரையைத் தொட்டதும் டோர்க் ரெஞ்சால் கடைசி இறுக்கு. அண்மைக்காலக் கொரொல்லாவுக்கு 103 நியூட்டன் மீற்றர் (76 ஃபுட் பவுண்ட்), சிவிக்குக்கு 108 (80 ஃபுட் பவுண்ட்). மற்றவர்கள் கையேட்டைப் பாருங்கள். 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும், கராஜில் மாற்றினாலும்தான். புது டயரில் முதல் சில நூறு கிலோமீற்றர் மெதுவாக ஓட்டுங்கள். டயரை வார்த்த அச்சிலிருந்து ஒட்டாமல் எடுக்கப் பூசிய பூச்சு தேய்ந்து போகும்வரை பிடிமானம் குறைவு.

கேள்வி: குளிர் வந்தவுடன் காற்று விளக்கு எரிகிறது. டயரில் ஓட்டையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 5 அல்லது 6 பாகை குறைய 1 பிஎஸ்ஐ அளவில் காற்றழுத்தம் குறையும். செப்டம்பரில் 20 பாகையில் 33 பிஎஸ்ஐ அடித்தது மைனஸ் 10இல் 27, 28க்கு இறங்கியிருக்கும். கார் ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளந்து, கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயரின் பக்கத்தில் உள்ள உச்ச அளவுக்கு அல்ல. சூடேற்றிய கராஜில் நிரப்புகிறவர்கள் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு 5-6 பாகை வித்தியாசத்துக்கும் 1 பிஎஸ்ஐ கூட்டுங்கள். ஒரே டயர் மட்டும் திரும்பத் திரும்ப இறங்கினால் ஆணி ஏறியிருக்கும், அல்லது ரிம் விளிம்பில் உப்பு அரித்திருக்கும். சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். விண்டர் ரிம்களில் காற்றழுத்த சென்சரே பூட்டாவிட்டால் பல கார்களில் விளக்கு பருவம் முழுவதும் எரிந்தபடியே இருக்கும். அவர்கள் மாதம் ஒரு தடவையாவது கையால் அளக்க வேண்டும்.