உப்பனாற்றுத் தரவைப் புதுச்சேரியோடு எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாற்று முகத்துவாரத்தில் மூன்று வருடமாக வாரம் ஒருநாள் நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, வலையில் விழும் மீன் ஆகியவற்றைக் குறித்து வருகிறோம். புதுச்சேரியிலும் ஒரு கல்லூரி இதையே செய்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பகிர எந்த மென்பொருள் வாங்கலாம்? (ஆராய்ச்சி மாணவி, கடலூர்)

பதில்: மென்பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் எக்செல் ஷீட்டில் அட்சரேகைக் கட்டத்தைப் பாருங்கள். 11.43 என்று இருக்கிறதா? ஜிபிஎஸ் காட்டியது 11 பாகை 43 நிமிடம் என்றால் தசமத்தில் அது 11.717. புள்ளி வைத்து அப்படியே எழுதிவிட்டால் இடம் சுமார் 32 கிலோமீட்டர் தெற்கே தள்ளி, முதுநகரில் மொண்ட தண்ணீர் பிச்சாவரத்துத் தண்ணீராகிவிடும். இந்தப் பிழையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை, வெயிலில் படகேறி எடுத்த அளவாயிற்றே!

நேரமும் அப்படித்தான். உலகத் தரவு மையங்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கின்றன. நம் நேரத்தில் ஐந்தரை மணி கழிக்க வேண்டும். விடியற்காலை 5 மணிக்கு எடுத்தது முந்தைய நாள் 23.30 ஆகிவிடும், தேதியும் மாறும். ஓதம் ஏறி இறங்கும் கழியில் இது சின்ன விஷயமில்லை.

நம்ப முடியாத அளவு வந்தால் அழிக்காதீர்கள். நவம்பரில் உப்புத்தன்மை 2 என்று மிகக் குறைவாக வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று தோன்றும். மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கிய நாளாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டுத் தரக்குறி கொடுங்கள். யுனெஸ்கோவின் கடல்சார் தரவுப் பரிமாற்ற அமைப்பான ஐஓடிஇ-யின் முறையில் 1 நல்லது, 2 இன்னும் சோதிக்காதது, 3 சந்தேகத்துக்குரியது, 4 தவறானது, 9 அளவே இல்லை. எந்தக் கருவி, அதைக் கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் (கேலிபரேஷன்) செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மீனுக்கு ஊர்ப்பெயர் மட்டும் போதாது. மத்தி, சாளை, கவலை என்ற பெயர்கள் எல்லாம் கரைக்குக் கரை வேறு மீனைக் குறிக்கும். மீனவர் சொன்ன பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் அறிவியல் பெயரும் சேருங்கள். உயிரினப் பதிவுகளுக்கு ஓபிஸ் என்ற உலகத் தொகுப்பு இருக்கிறது. நீரளவுகளுக்கு நம் தேசியத் தரவு மையம் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ்.

ஒரு மாதக் கோப்பை மட்டும் இப்படித் திருத்திப் புதுச்சேரிக்கு அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல் அவர்கள் வரைபடம் போட்டுவிட்டால், மீதி மாதங்களையும் அதே அச்சில் ஏற்றலாம்.