கடன் வாங்கிக் கழிப்பதற்கு முன்னால்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் 52-லிருந்து 38-ஐக் கழிக்க, எண்களைக் குறித்த ஒரு கோடு போட்டு அதில் தாவித் தாவிப் போகிறாள், நாம் படித்த மாதிரி கடன் வாங்கிக் கழித்தால் ஆசிரியை “எப்படி வந்தது?” என்று கேட்கிறார், இங்கே கணக்கே சொல்லித் தரமாட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கும் இதே கோபம் இருந்தது.

என் மகனுக்கு நான் வீட்டில் கடன் வாங்கும் முறையைத்தான் பழக்கினேன். மளமளவென்று போட்டான். ஒரு வாரம் கழித்து 43-ல் 17 போனால் 34 என்று எழுதியிருந்தான். “3-ல் 7 போகாது, அதனால 7-ல் 3-ஐக் கழிச்சேன்” என்றான். பக்கத்தில் கடன் வாங்கச் சொன்னேன். “வாங்கினா திருப்பிக் கொடுக்க வேண்டாமா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றைக்குத்தான் குச்சிகளை எடுத்தேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டு, உதிரியாக மூன்று. ஏழு குச்சி கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே ஒரு கட்டைப் பிரித்தான். அங்கே கடனே இல்லை. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாகப் பிரிந்தது, அவ்வளவுதான். அந்தச் சொல்லை அதோடு வீட்டில் விட்டுவிட்டோம்.

உங்கள் மகளின் கோட்டையும் நிதானமாகப் பாருங்கள். 38-லிருந்து 40-க்கு 2, அங்கிருந்து 50-க்கு 10, பிறகு 52-க்கு 2. மொத்தம் 14. கழித்தல் என்றால் இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரமும்தான் என்று அவள் கண்ணால் பார்க்கிறாள். முதலில் குச்சி மாதிரிக் கையில் எடுக்கும் பொருள், பிறகு கோடு மாதிரிப் படம், கடைசியில் குறியீடு என்ற இந்த வரிசை, உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது. சிங்கப்பூர் 1980-களிலேயே அதைத் தன் கணக்குப் பாடத்தில் சேர்த்துக்கொண்டது.

வீட்டில் தமிழிலேயே எண்ணுங்கள், தயங்க வேண்டாம். பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழுகிறது. ‘லெவன்’ என்பதில் அது இல்லை. ‘தர்ட்டீன்’ என்பதில் மூன்று முன்னால் ஒலிப்பதால் 31 என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. தமிழில் தொண்ணூறு கொஞ்சம் குழப்பும், உள்ளே நூறு கேட்கிறதே! அதைத் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வாய்ப்பாடு மனப்பாடமாகத் தெரியத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 7 × 8 மறந்துபோனால் ஐந்தெட்டு நாற்பது, இரண்டெட்டுப் பதினாறு, சேர்த்தால் 56 என்று அவளே போய்ச் சேர வழி தெரிந்திருக்கட்டும்.

இன்று மாலை 8 + 4 = __ + 5 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். 12 என்று நிரப்பினால், சமக்குறியை ‘இங்கே விடை எழுது’ என்று அவள் படிக்கிறாள் என்று அர்த்தம். திருத்தாமல், ஏன் 12 என்று மட்டும் கேளுங்கள்.